பத்திரத்தில் இல்லாத ஷரத்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இவ்வளவு அனுப்ப வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்பதில்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதாக அவள் உன்னிடம் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

சில வாரங்களாக நீ போனில் நின்று பேசுவதில்லை. வேலை அதிகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். பாப்பாதான் பேசுகிறாள். பள்ளியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஒரு சார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். 1955-இல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பில் தொடங்கி, 1965 ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது வரை எழுதிவிட்டாளாம். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நீ போனை வாங்கி, சாப்பாட்டு நேரம் என்று வைத்துவிட்டாய். அதற்குச் சற்று முன்னால் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை அடுக்குமாடி வரக் கூடாது என்று அப்பா ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாலையில் வீடு வீடாகப் போகிறாராம். அதைப் பற்றி நீயே சொல்வாய் என்று காத்திருக்கிறேன். இந்தக் கடிதம் பாப்பா கேட்ட கேள்விக்குப் பதில். நிதானமாகப் படித்து அவளுக்குச் சொல்லவும்.

உனக்கு இவை தெரியாதவை அல்ல. எட்டாம் வகுப்பில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசி மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கியவன் நீ. அந்தக் கேடயத்தை வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா எடுத்துக் காட்டுகிறாள், நானும் தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சு 1963 ஆகஸ்டில் நடந்த வாஷிங்டன் பேரணியோடு முடிந்துவிட்டது. பாப்பாவின் சார்ட் அதைவிட இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டிலும் விடுபட்டிருப்பது வீடு. பேருந்தில் யார் எங்கே உட்காருவது, உணவகத்தில் யார் சாப்பிடுவது, யார் வாக்களிப்பது என்பவற்றுக்கெல்லாம் சட்டம் வந்த பிறகும், யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்பது மட்டும் தீராமல் நின்றது. சார்பதிவாளர் அலுவலகத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்கு அதுதான் கண்ணில் படும் என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

சென்ற முறை அங்கு வந்திருந்தபோது உன்னிடம் சொல்லாமல் டாக்சி பிடித்துப் போய்ப் பார்த்தேனே, அந்தத் தெருவின் பெயர் சென்டர் ஸ்ட்ரீட். "அந்தப் பக்கமெல்லாம் தனியாகப் போகாதீர்கள் அப்பா" என்று நீ கோபித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அங்கே பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறிப் போகும் சாதாரணத் தெரு. செங்கல் வீடுகள், முன்புறம் தாழ்வாரம், தாழ்வாரத்தில் நாற்காலிகள். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகராட்சி 1926-இல் போட்ட விதி ஒன்று, வெள்ளையர் குடியிருக்கும் பகுதி இது, கறுப்பர் குடியிருக்கும் பகுதி இது என்று வரைபடத்தில் கோடு கிழித்துப் பிரித்தது. இனத்தை வைத்து ஊரை இப்படிப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1917-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தும் நகராட்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சென்டர் ஸ்ட்ரீட்தான் அந்தக் கோடு. மேரி மங்க் என்ற கறுப்பினப் பெண்மணி வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட பக்கத்தில் வீடு கட்ட முனைந்து, நகராட்சி மறுத்தபோது வழக்குத் தொடுத்தார். ஆர்தர் ஷோர்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். 1949-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1950 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அதே டிசம்பரில் அந்த வீட்டுக்கு வெடி வைத்தார்கள்.

அது ஒன்றோடு நிற்கவில்லை. 1947 முதல் 1965 வரை அந்த நகரத்தில் ஐம்பதை ஒட்டிய வெடிப்புகள் நடந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த மேட்டுக்கே டைனமைட் குன்று என்று பெயர் வந்துவிட்டது. ஷோர்ஸின் வீடும் சென்டர் ஸ்ட்ரீட்டில்தான் இருந்தது. 1963-இல் ஆகஸ்ட் 20 அன்று ஒரு முறையும் செப்டம்பர் 4 அன்று மறுமுறையும் அதற்கு வெடி வைத்தார்கள். அதற்குப் பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், பதினாறாவது தெரு தேவாலயத்தில் வைத்த வெடியில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அது பாப்பாவின் சார்ட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் வெடித்தவை பெரும்பாலும் வீடுகள் என்பதை நீ அவளுக்குச் சொல்ல வேண்டும். வீடு வாங்கியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

வெடி வைத்தவர்கள் கொஞ்சம் பேர். பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம். என் தொழிலில் எத்தனையோ விதமான ஷரத்துகளைப் படித்திருக்கிறேன். பொதுக் கிணற்றில் பாத்தியம், வண்டிப் பாதை, மரத்தின் நிழல் விழும் இடம் வரைக்கும் எழுதி வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் தெருக்காரர்கள் ஒன்றுகூடி, தங்கள் வாரிசுகளையும் பின்னால் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும்படி, இன்ன இனத்தார் இங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதிப் பதிவு செய்தார்கள். செயிண்ட் லூயிஸ் நகரத்தில் லபாடி அவென்யூ வீடுகளுக்கு 1911-இல் எழுதிய ஷரத்தில் நீக்ரோ இனத்தாரோடு மங்கோலிய இனத்தாரையும் சேர்த்திருந்தார்கள். வேறு சில ஊர்களில் ஆசிய இனத்தார் என்று பொதுவாகவே எழுதியிருந்தார்கள். அதற்குள் நாம் வருவோமா மாட்டோமா என்று நீயே பார்த்துக்கொள். ஷெல்லி குடும்பத்தார் 1945-இல் அந்தத் தெருவில் வீடு வாங்கினார்கள். பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1948-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஷரத்தை நிறைவேற்ற நீதிமன்றம் துணைபோக முடியாது என்று சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள் காரணம் சொல்லவில்லை; அவர்களுடைய வீட்டுப் பத்திரங்களிலேயே அந்த ஷரத்து இருந்திருக்கும் என்று பலரும் கருதினார்கள். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு 1966-க்கு வா. கிங் அந்த ஆண்டு ஜனவரியில் சிகாகோவின் லான்டேல் பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில், ஒரு பழைய குடியிருப்பில் வாடகைக்குப் போனார். வரப்போவது யார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அவசர அவசரமாகச் செப்பனிடத் தொடங்கினாராம். அந்தப் பகுதி மக்களுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்க மாட்டா. அதனால் இடைத்தரகர்களிடம் தவணையில் வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் கைக்கு வராது. நடுவில் ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் போகும், வீடும் போகும். பதிவாகாத கிரயத்தை நம்பி ஏமாந்து நம் வாசலில் வந்து நின்றவர்களை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். அங்கே அதுவே ஒரு வியாபாரமாக நடந்தது. வீட்டுரிமை கேட்டு ஆகஸ்ட் 5 அன்று மார்க்வெட் பார்க் வழியாக ஊர்வலம் போனபோது கிங்கின் தலையில் கல் பட்டது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இத்தனை வெறுப்பு நிறைந்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். கல்லெறிந்தவர்கள் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்த குடும்பஸ்தர்கள். வீட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. கறுப்பர் குடிவந்த பகுதிக்குக் கடன் கிடையாது என்று அரசாங்கமும் வங்கிகளும் முன்பே விதி வைத்திருந்ததால், அவர்கள் பயந்ததே நடக்கும்படி ஏற்பாடு இருந்தது.

கல் எடுக்காதவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 1963-இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வீட்டு வணிகர் சங்கம் கையெழுத்து வேட்டை நடத்தி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. 1964 நவம்பரில், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஜான்சனைப் பெருவாரியாக ஜெயிக்க வைத்த அதே வாக்காளர்கள், அதே நாளில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர், அந்த வீட்டுச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. அவர்கள் யாரும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். என் சொத்து, என் விருப்பம் என்றுதான் சொன்னார்கள்.

நாடு முழுவதற்குமான வீட்டுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியாகக் கிடந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 11 அன்று சட்டம் கையெழுத்தானது. அந்த ஒரு வாரத்தை பாப்பாவின் சார்ட்டில் தனியாக எழுதச் சொல். அதற்குப் பிறகும் அந்தச் சட்டத்தை மீறியவனைத் தண்டிக்க அரசுக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. சமாதானம் பேசத்தான் முடிந்தது. 1988-இல் திருத்தம் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது.

நீ இருக்கும் இடத்துக்கு வருகிறேன். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே சிவப்பு மலைக்கு அந்தப் புறத்து ஊர்கள் எப்படி வளர்ந்தன, சில ஊர்கள் மாவட்டப் பள்ளி நிர்வாகத்திலிருந்து பிரிந்து தமக்கென்று தனி நிர்வாகம் எப்போது அமைத்துக்கொண்டன என்பதெல்லாம் அங்கே எல்லோரும் அறிந்த வரலாறு. நகரத்துக்கு வடக்கே கார்டன்டேல் என்ற ஊர் அண்மைக் காலத்தில் அப்படிப் பிரிய முயன்றது. எங்கள் வரி, எங்கள் பள்ளி, எங்கள் நிர்வாகம் என்றார்கள். அதில் இனப் பாகுபாட்டு நோக்கம் இருந்தது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. 1965-இல் தொடுத்த பள்ளி வழக்கு ஒன்று அதுவரை முடியாமல் இருந்ததால்தான் அது சாத்தியமானது. ஆகவே 1965-க்குக் கீழே கோடு போட்டு முடிக்க வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்.

அதே 1965-இல் இன்னொரு தேதியும் இருக்கிறது. அக்டோபர் 3. புதிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தான நாள். அதற்கு முன்னால் இந்தியாவுக்கென்று அமெரிக்கா ஒதுக்கியிருந்தது ஆண்டுக்கு 100 பேர். எந்த நாட்டில் பிறந்தவன் என்று பார்த்து ஆளை எடுக்கும் அந்தக் கணக்கு, இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்று சொல்லிவிட்ட நாட்டுக்குப் பொருந்தாது என்ற நிலைமையைத் தெருவில் அடிபட்டவர்கள்தான் உண்டாக்கினார்கள். அதனால்தான் உன் பெரியப்பா 1972-இல் டெட்ராய்ட் போக முடிந்தது. அவர் பின்னால் நீயும் போனாய். பெரியப்பா தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தால் போனதாகவே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் கெட்டிக்காரன்தான். அந்த வீட்டை வாங்கியபோது உன் உழைப்பை நினைத்து நான் பட்ட பெருமை எனக்குத்தான் தெரியும். பத்திர நகலை எனக்கு அனுப்பிப் படித்துப் பார்க்கச் சொன்னாய். மூலப்பத்திரம் வரைக்கும் பார்த்தேன். எந்த வில்லங்கமும் இல்லை, எந்த ஷரத்தும் இல்லை.

வாத்தியார் குடும்பம் நம் தெருவுக்குக் குடிவந்த ஆண்டில் ஒரு தாள் வீடு வீடாக வந்தது. அன்று தாத்தா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். அதை நான் எழுத வேண்டியதில்லை. அம்மா இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். நான் அடிக்கவில்லை.

நீ கொண்டுபோகும் தாளில் போக்குவரத்து நெரிசல், பள்ளியில் இடமின்மை, மழைநீர் வடிகால் என்று எழுதியிருக்கலாம். அவை உண்மையாகவும் இருக்கலாம். அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. அந்த அடுக்குமாடியில் எத்தனை வீடுகள் வரப்போகின்றன, வாடகை எவ்வளவு என்று கட்டுபவர்கள் சொல்லியிருக்கிறார்களா, பள்ளியில் இப்போது எத்தனை இடம் காலி என்று நீங்கள் யாராவது விசாரித்தீர்களா, கையெழுத்துக் கேட்டுப் போனபோது யார் வீட்டுக் கதவையாவது தட்டாமல் தாண்டிப் போனீர்களா என்பதையும் எழுது. மருமகளுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அப்பா