காரணவருக்கும் ஒரு மகன் உண்டு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் நாவலின் முதல் ஏழு அத்தியாயங்களை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பூதப்பாண்டிப் பக்கத்து அந்த வீடும், கும்பப்பூ அறுவடையில் முற்றத்தில் நெல் அளக்கும் சத்தமும் கண்முன்னே நிற்கின்றன. ஆனால் மக்களே, குடும்பச் சொத்தை ஆளும் தாய்மாமனான காரணவரை நீ வெறும் கெட்டவராக்கிவிட்டாய். அதுதான் மனசை உறுத்துகிறது.

கதை நடப்பது 1920களில். மருமக்கள்வழிப்படி அவர் ஆண்ட வயலும் தோப்பும் அவருக்குப் பிறகு சகோதரியின் பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்குதான். தான் கண்ணை மூடினால் மகனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று தெரிந்தே, தினமும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுகிற மனிதர் அவர். ராத்திரியில் பத்தாயத்தைத் திறந்து இரண்டு கோட்டை நெல்லை வெளியே அனுப்புகிறார். நீ 'திருட்டு' என்று எழுதிவிட்டாய். சகோதரி மகனான மருமகனுக்கு அது திருட்டுதான், அவன் கோபமும் நியாயம்தான். மகனுக்கு அது என்ன? அதையும் எழுது.

அப்புறம், 1926இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். பாகம் பிரிக்கலாம் என்று ஆனதும் அந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்த பார்வையே மாறியிருக்கும். அங்கே கொஞ்சம் நின்று எழுது.

உன் ஆட்கள் சண்டையில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அப்படியா? மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல், "அவருக்குச் சோறு வேணுமான்னு கேளு மக்கா" என்று பிள்ளையிடம் சொல்வார்கள். நானே அப்படித் தூது போன பிள்ளைதான்.

எங்கள் ஆச்சியும் அவள் அண்ணனும் பாகத்துக்குப் பிறகு பேசிக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் பிரித்தார்கள், பெரிய வெண்கல உருளியை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது ஆச்சி வீட்டில் கிடந்தது. அண்ணன் வீட்டில் கல்யாணம் என்றால் ஆள் வந்து எடுத்துப்போவான், திரும்பக் கொண்டுவந்து வைப்பான். அவர் இறந்தபோது ஆச்சி போகவில்லை, அழுததையும் நான் பார்க்கவில்லை. அவருடைய அடியந்திரச் சடங்குக்கு முந்தின ராத்திரி, யாரும் கேட்காமலே, புளி போட்டு அந்த உருளியை விடியும்வரை தேய்த்தாள். காலையில் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். அவளுக்கு அண்ணன்மேல் இருந்தது கோபமா பாசமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீயும் பிரிக்காதே, உருளியைத் தேய்க்கிற கையை மட்டும் எழுது.

இன்னொன்று. காரணவரின் மனைவி ஏழு அத்தியாயத்திலும் அடுக்களையிலேயே இருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாயச் சாவி எங்கே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா? எட்டாவது அத்தியாயத்தை அவளிடமிருந்து தொடங்கி எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா