சட்டைப்பை தைத்துக் கொடுத்த அக்காவுக்கு

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் அப்பாவின் மாணவர்களுக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையில் கிடந்த அந்த 19 நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி நாள் நீங்களும் அந்த வராந்தாவில்தானே படுத்திருந்தீர்கள்!

நள்ளிரவில் கார் எடுத்து வந்த தம்பிக்கும், சேரன்மகாதேவியிலிருந்து முதல் பஸ்ஸில் கஞ்சி கொடுத்தனுப்பிய மதினிமாருக்கும், எங்கள் வயலில் நடவு முடியும்வரை நின்று பார்த்துக்கொண்ட அண்ணாச்சிக்கும், அன்று தேர்தலில் அப்பாவை எதிர்த்து நின்று இன்று முதல் ஆளாக ஓடி வந்த மாமாவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்த வார்டைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்காகத்தான்.

அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. வலது கை அசையவில்லை. இடது கை மட்டும் ஓயாமல் நெஞ்சுக்குப் போய்ப் போய் வந்தது. நெஞ்சுவலி என்று பயந்து இரண்டு முறை நர்ஸைக் கூப்பிட்டோம், இ.சி.ஜி.யும் எடுத்தார்கள். படித்த பிள்ளைகள் மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம், ஒருவருக்கும் புரியவில்லை. துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வலி இல்லை அம்மா, அவர் பையைத் தேடுகிறார்" என்றார்.

மருத்துவமனைச் சட்டையில் பை கிடையாது. மறுநாள் காலை வீட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டு வந்து, அப்பாவின் சட்டையில் இடது பக்கம் தன் கையாலேயே பை தைத்தார். தன்னிடமிருந்த நீல நிறப் பேனாவை அதில் செருகினார். அப்பாவின் கை போனது, தொட்டுப் பார்த்தது, அங்கேயே ஓய்ந்தது. அன்று இரவுதான் அவர் தூங்கினார்.

அப்பா யாரென்றே அந்த அக்காவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். 1958இல், இருபது வயதில் ஆசிரியராகச் சேர்ந்தவர். காமராசர் காலத்து மதிய உணவுக்காகச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக அரிசி கேட்டுப் போனவர். 1996இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற கையோடு, பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஊராட்சித் தலைவரானார். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவராக வந்த சித்திக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். தொகையை வாசிக்கத் தெரியும்வரை அவரிடம் எதையும் நீட்டுவதில்லை என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஒரு மாதம் மாலை வேளைகளில் ஊராட்சி அலுவலகத்திலேயே பாடம் நடந்தது. சித்தி இப்போது தினத்தந்தியைத் தலைப்பு முதல் கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறார். அந்த ஐந்தாண்டும் எந்தக் கணக்கும் கிராம சபையில் உரக்க வாசிக்கப்படாமல் போனதில்லை. வாசித்து முடித்ததும் பேனாவை மூடிப் பையில் செருகுவாரே, அந்தச் செய்கையைத்தான் அவருடைய இடது கை தேடியிருக்கிறது. அவருடன் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு அது தெரியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

பதினான்காம் நாள் அப்பா அந்தப் பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் இடது கையால் ஏதோ கிறுக்கினார். பேரன் பெயரா, ஊர்ப் பெயரா என்று நாங்கள் குழம்பினோம். சித்திதான் எழுத்துக் கூட்டி வாசித்தார்: "குழாய்." வராந்தாக் கோடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா போய் இறுக்கி மூடிவிட்டு வந்தார். அப்பா தலையசைத்தார்.

இனி தினமும் மாலையில் சிலேட்டோடு அவர் அருகில் உட்காரப் போகிறேன். இடது கையால் எழுதப் பழக்குவேன். வரும் ஜனவரி 26 கிராம சபைக்கு அவரை நானே அழைத்து வருவேன். கணக்கு வாசிப்பவர் கொஞ்சம் உரக்க வாசியுங்கள், அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அந்த அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.