ஹீலியம் வந்து சேர 18 ஆண்டுகள்: பேராசிரியர் சாரா சீகருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் சாரா சீகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர். நிறமாலையைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் உங்களுடைய ஒரு கட்டுரையைச் சொல்லாமல் என்னால் வகுப்பை முடிக்க முடிவதில்லை. ஒரு கோள் தன் விண்மீனின் முன்னே கடந்து செல்லும்போது அதன் வளிமண்டலம் விண்மீன் ஒளியில் எத்தகைய தடத்தை விட்டுச்செல்லும் என்று, நீங்களும் உங்கள் முனைவர் பட்ட வழிகாட்டி டிமிடார் சாசெலோவும் சேர்ந்து கணக்கிட்டு, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அது. அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அது எழுதப்பட்ட காலத்தை நினைவில் கொண்டால்தான் அதன் துணிவு விளங்கும். அவ்வாறு கடந்து செல்வதாக அறியப்பட்டிருந்த புறக்கோள், அதாவது சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான்: பெகாசஸ் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவில், மூன்றரை நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றிவரும் எச்டி 209458 பி. 1999-இல் அது குறுக்கே சென்றபோது விண்மீனின் வெளிச்சம் சுமார் 1.5 விழுக்காடு மங்கியது. அந்த மங்கலிலிருந்து கோளின் பருமனும் அடர்த்தியும் கிடைத்தன. அது வியாழனை விடப் பெரிய வாயுக்கோள் என்பது உறுதியாயிற்று. பலரும் அதிலேயே மகிழ்ந்திருந்த வேளையில், நீங்கள் இருவரும் கோளின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாகப் படர்ந்திருக்கும் காற்றை நோக்கினீர்கள். அந்த வளையத்தை ஊடுருவி நம்மை வந்தடையும் ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் குறைந்திருக்கும் என்று கேட்டு, விடையையும் எண்களாக எழுதி வைத்தீர்கள். மிகவும் வெப்பமான கோள் என்பதால் அதன் வளிமண்டலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு உப்பியிருக்கும். சோடியமும் பொட்டாசியமும் அணுக்களாகவே மிதக்கும். அவற்றின் கோடுகள், அதாவது அவை ஒளியை விழுங்கும் அலைநீளங்களில் நிறமாலையில் விழும் இருண்ட தடங்கள், வலுவாகத் தெரியும் என்றீர்கள். கூடவே 1083 நானோமீட்டரில் ஹீலியத்தின் கோடு ஒன்றையும் தேடச் சொன்னீர்கள்.

சோடியம் விரைவாகவே கிடைத்துவிட்டது. டேவிட் சார்போனோவின் குழு ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு, சோடிய விளக்குகளின் மஞ்சள் நிறத்துக்குரிய அதே 589 நானோமீட்டர் பகுதியில், கூடுதலாக ஏறக்குறைய 0.02 விழுக்காடு ஒளி குறைவதை அளந்து 2002-இல் வெளியிட்டது. வேறொரு சூரியனைச் சுற்றும் கோளின் காற்றை மனிதர் அறிந்தது அதுவே முதல் முறை. மேகமற்ற வளிமண்டலத்துக்கான கணக்குகள் எதிர்பார்த்ததை விட அந்த அளவு குறைவாக இருந்ததையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்வேன். உயரத்தில் மேகமோ மூட்டமோ இருக்கலாம் என்ற சிந்தனை அந்தக் குறைவிலிருந்துதான் வலுப்பெற்றது.

ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் நின்று சொல்வது ஹீலியத்தின் கதையை. இயல்பு நிலையில் உள்ள ஹீலியம் அணு கண்ணுக்குத் தெரியும் ஒளியையோ அகச்சிவப்பு ஒளியையோ விழுங்காது. விண்மீனின் கடுமையான புற ஊதாக் கதிர் அதன் எலக்ட்ரானைப் பிய்த்தெறிய வேண்டும். பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் வந்து சேர வேண்டும். அப்படிச் சேரும்போது சில அணுக்கள் அடிமட்டத்துக்கு எளிதில் இறங்க முடியாத ஓர் இடைநிலையில் சிக்கிக்கொள்ளும். அணு உலகில் எல்லாம் நொடியின் கோடியில் ஒரு பங்கில் நடந்து முடியும் என்றே பழகிய மாணவர்களிடம், அந்த நிலையில் ஹீலியம் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தங்கியிருக்கக்கூடும் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பை நீங்கள் பார்க்க வேண்டும். அங்கே தங்கியிருக்கும் அணுதான் 1083 நானோமீட்டர் ஒளியை விழுங்குகிறது. மோதல்கள் அரிதாக நிகழும் மெலிந்த மேல்வளிமண்டலத்தில், அதாவது கோளின் காற்று விண்வெளிக்குள் நழுவிச் செல்லும் இடத்திலேயே, இத்தகைய அணுக்கள் சேர்கின்றன. ஆகவே ஒரு கோள் தன் காற்றை இழப்பதைக் காட்டிக்கொடுக்கும் கோடு அது. அதுவும் தரையிலிருக்கும் தொலைநோக்கிகளுக்கே எட்டக்கூடிய அகச்சிவப்பில்.

2003-இல் எச்டி 209458 பி கோளில் அதைத் தேடினார்கள்; அகப்படவில்லை. அதன்பின் நெடுங்காலம் அந்தக் கோட்டைத் தேடுவோர் அரிதாயினர். 2018-இல்தான் அந்தோனியா ஒக்லோப்சிச், கிறிஸ்டோபர் ஹிராட்டா ஆகியோர் அந்தக் கணக்கைப் புதிதாக விரித்துச் செய்தார்கள். அதே ஆண்டில் ஜெசிக்கா ஸ்பேக்கின் குழு, ஹப்பிளின் தரவில், வாஸ்ப்-107 பி என்ற கோளைச் சுற்றி ஹீலியத்தைக் கண்டது. பருமனில் வியாழனை ஒட்டியும் நிறையில் வியாழனின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியும் இருக்கும் அந்த இலேசான கோள், நூறு கோடி ஆண்டுகளுக்குத் தன் நிறையில் 0.1 முதல் 4 விழுக்காடு வரை இழப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே, ஸ்பெயினின் கலார் ஆல்ட்டோ வானாய்வகத்திலுள்ள கார்மெனெஸ் கருவி, நீங்கள் முதலில் கணக்கிட்ட அதே எச்டி 209458 பி கோளிலும் ஹீலியத்தைக் காட்டியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி, என் சொந்தக் கணக்கு சரியானது போன்ற மகிழ்ச்சி.

ஹீலியத்துக்கு இந்தக் காத்திருப்பு புதிதும் அல்ல. 1868-இல் சூரியனின் ஒளியில், சோடியக் கோடுகளுக்கு மிக அருகில், எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடாகத்தான் அது முதலில் தென்பட்டது. பூமியில் அது கையில் கிடைக்க 1895 வரை ஆயிற்று.

உயிரின் அடையாளமாகக்கூடிய வாயுக்களைப் பற்றிய உங்கள் பிற்காலப் பணியையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். ஆக்சிஜன், மீத்தேன் என்று பழகிய பெயர்களோடு நின்றுவிடாமல், வாயுவாக இருக்கக்கூடிய சுமார் 14,000 சிறு மூலக்கூறுகளை உங்கள் குழு பட்டியலிட்டது. முழுக்க ஹைட்ரஜனாலான காற்றிலும் ஈ.கோலை நுண்ணுயிரியும் ஈஸ்ட்டும் வளர்வதை 2020-இல் ஆய்வகத்தில் காட்டினீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஜேன் கிரீவ்ஸ் தலைமையில் நீங்களும் இடம்பெற்ற குழு, வெள்ளிக் கோளின் மேகங்களில், உயிரின் அடையாளமாகலாம் என்று கருதப்படும் பாஸ்பீன் வாயு இருப்பதாக அறிவித்தபோது என் வகுப்பே பரபரத்தது. தரவு மீண்டும் சீர்செய்யப்பட்டு அளவு குறைக்கப்பட்டதும், வேறு குழுக்கள் மறுத்ததும் பின்னர் நடந்தவை. அப்படியானால் அது தவறா என்று கேட்ட மாணவியிடம், பாஸ்பீன் உயிரின்றியும் எவ்வழிகளில் உருவாகலாம் என்ற ஆய்வு வெள்ளி அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பே, புறக்கோள்களுக்காக, உங்கள் குழுவினரால் வெளியிடப்பட்டிருந்ததைச் சொன்னேன். விவாதம் எதைப் பற்றி நடக்க வேண்டும் என்பது அதனால்தான் தெளிவாக இருந்தது என்பது என் கருத்து.

பூமியைப் போன்ற கோளுக்கு வரும்போது 2000-ஆம் ஆண்டின் வழிமுறை எவ்வளவு கடினமாகிறது என்பதை நான் அறிவேன். தொலைவிலிருந்து நம்மைப் பார்ப்பவருக்குப் பூமி சூரிய ஒளியை மறைப்பது 0.0084 விழுக்காடுதான், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 13 மணி நேரம். அதில் நம் காற்றின் பங்கு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். தொலைநோக்கிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் முன்னே பறந்து, விண்மீனின் ஒளியை மட்டும் மறைக்கும் இதழ் வடிவத் திரைக்கான நாசாவின் ஆய்வுக் குழுவுக்கு நீங்கள் தலைமை ஏற்றது இந்தக் காரணத்தால்தான் என்று என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் சார்பில் உங்களிடம் ஒரு கேள்வி. அந்த 14,000 மூலக்கூறுகளில், இன்றைய எந்தக் கருவிக்கும் எட்டாத, ஆனால் 18 ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் தேடிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் கோடு எது? அதன் அலைநீளத்தை மட்டும் சொன்னால் போதும். எங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்