கேட் அறிக்கையில் கணக்குப் பிழை: திருத்தித் தரவும், இல்லையேல் சந்தாவைத் திருப்பித் தரவும் கோரி

அனுப்புநர்: ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

ஐயா,

உங்கள் குதிரைப் பந்தயப் புள்ளிவிவர மென்பொருள் தரும் அறிக்கைகளில் அடிப்படைக் கணக்கே தவறாக உள்ளது. முதலில் கேட் அறிக்கை, அதாவது குதிரை புறப்படும் கதவு எண் வாரியாக வெற்றியைக் கணக்கிடும் அறிக்கை. 9ஆம் கேட்டும் அதற்கு மேலும் எந்தத் தடத்தில் பார்த்தாலும் இம்பேக்ட் வேல்யூ (வெற்றி, எதிர்பார்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 1க்குக் கீழேயே வருகிறது. பெரிய எண் கொண்ட வெளிக் கேட்டில் குதிரைக்குச் சிரமம் உண்டுதான். ஆனால் நீங்கள் காட்டும் குறையில் பெரும் பங்கு வகுத்தலில் பிறந்தது.

சோதித்துப் பாருங்கள். 8 குதிரை ஓடும் பந்தயம் 100, 14 குதிரை ஓடும் பந்தயம் 100 என்று வைத்து, எந்தக் கேட்டுக்கும் சாதகமில்லாத மாதிரித் தரவை உள்ளிடுங்கள். ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவதை ஓர் ஓட்டம் என்று எண்ணினால், மொத்தம் 2,200 ஓட்டம், 200 வெற்றி, சராசரி 9.09 விழுக்காடு. 9 முதல் 14 வரையான கேட்டுகள் பெரிய பந்தயத்தில் மட்டுமே இருக்கும். அங்கே ஒரு குதிரைக்கு உள்ள வாய்ப்பே 7.14 விழுக்காடுதான். இதை 9.09ஆல் வகுக்கும் உங்கள் நிரல் 0.79 என்று காட்டும். சரியான விடை 1.00. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 1ஐ அந்தப் பந்தயத்தில் ஓடிய குதிரைகளின் எண்ணிக்கையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் எதிர்பார்க்கும் வெற்றி கிடைக்கும். உண்மை வெற்றியை அதனால் வகுக்க வேண்டும். கடைசி நேரத்தில் விலக்கப்பட்ட குதிரையை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. இப்போது சேர்க்கிறீர்கள்.

"தரவு கூடக் கூடச் சரியாகிவிடும்" என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் எழுதியது. ஆகாது. பந்தயங்களைப் பத்து மடங்காக்கினாலும் அந்த 0.79 அப்படியேதான் நிற்கும். தரவு கூடினால் தற்செயல் ஏற்றத்தாழ்வுதான் குறையும், தப்பான வகுத்தல் திருந்தாது.

ஜாக்கி அறிக்கையில் இருப்பது இதைவிட மோசமான கோளாறு. ஒரு ஜாக்கி 9 சவாரியில் வெற்றியில்லாமல் 10ஆவதில் வென்றால், அந்த 10ஆவது பந்தயத்தைக் கணிக்கப் பயன்படும் வெற்றி விகிதம், முந்தைய 9 சவாரியை மட்டும் வைத்து, 0 என்றுதான் இருக்க வேண்டும். உங்கள் நிரல் அன்றைய முடிவையும் சேர்த்து 10 விழுக்காடு என்று எழுதுகிறது. முடிவு தெரிந்த பிறகு கணித்தால் கேட், ஜாக்கி போன்ற எந்தக் காரணியும் பலமாகத்தான் தெரியும். பழைய பந்தயங்களில் லாபம் காட்டும் முறை புதிய பந்தயத்தில் கவிழ்வது இதனால்தான்.

சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5இல் கடைசிப் பந்தயம் நடந்தது. அங்கே புல் தடமும் இருந்தது, பாலிடிராக் என்ற செயற்கைத் தடமும் இருந்தது. பழைய கிராஞ்சி ஓட்டங்களைத் தடம் பிரிக்காமல் கலந்து, ஈப்போவில் ஓடும் குதிரைக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். தடவாரியாகப் பிரிக்கும் வசதி வேண்டும்.

40 ஓட்டத்தில் 8 வெற்றி கண்ட காரணிக்கும், நல்லது என்று காட்டும் பச்சைக் கட்டம் போடுகிறீர்கள். 20 விழுக்காடு என்று தெரிந்தாலும் அதன் உண்மை அளவு சுமார் 8 முதல் 32 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். இங்கே தோட்ட வேலையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இந்த அறிக்கையை அச்செடுத்து வாங்கிப் போய், அந்தப் பச்சையை நம்பித்தான் பணம் வைக்கிறார்கள். ஓட்ட எண்ணிக்கையையும் பிழை எல்லையையும் பக்கத்திலேயே அச்சிடுவது உங்கள் கடமை.

14 நாளுக்குள் கேட், ஜாக்கி அறிக்கைகளைத் திருத்தி, மேலே சொன்ன மாதிரித் தரவில் 1.00 வருவதைக் காட்டுங்கள். முடியாவிட்டால் மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதிவு செய்வேன். மாதிரித் தரவும் உங்கள் நிரல் தந்த அறிக்கையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
சந்தாதாரர்