லீவு வேலை: பிள்ளைங்க கையால ஒரு வெள்ளரிக்காய் குளிர் சூப்

அன்பான பெற்றோர்களுக்கும் வீட்ல இருக்கிற தாத்தா பாட்டிங்களுக்கும் வணக்கம்.

முழுப்பரீட்சை முடியப்போகுது, அடுத்து கத்திரி வெயில், மே 4 வாக்குல ஆரம்பிச்சா மாசக் கடைசி வரைக்கும் விடாது. லீவுக்கு என்ன ஹோம்வொர்க்னு நிறைய பேர் கேட்டீங்க. நோட்டுல எழுதுற வேலை எதுவும் குடுக்கல, ஒரே வேலைதான், உங்க பிள்ளை அடுப்பே பத்த வைக்காம ஒரு வெள்ளரிக்காய் சூப் பண்ணி வீட்ல எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கணும். பொண்ணுங்க மட்டும் இல்ல, பையன்களும் கண்டிப்பா செய்யணும்.

சூப்னா சூடாத்தானே இருக்கணும்னு தோணும். ஸ்பெயின்ல தெக்க அண்டலூசியான்னு ஒரு பகுதி, கோடையில அங்கயும் 40 டிகிரி தாண்டும், அங்க வயல்ல வேலை செஞ்சவங்க காஞ்ச ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர் எல்லாம் இடிச்சு தண்ணி ஊத்திக் குடிச்சதுதான் காஸ்பாச்சோ. தக்காளி போடுறதெல்லாம் பின்னாடி வந்தது, 1492ல கொலம்பஸ் அமெரிக்கா பக்கம் போனதுக்கு அப்புறம்தான் தக்காளியே ஐரோப்பாவுக்குப் போச்சு. நம்ம ஆளுங்க தூக்குவாளியில கம்பங்கூழும் நீராகாரமும் கொண்டு போனதும் இதே வெயிலுக்குத்தான்.

நாலு பேருக்கு நடுத்தர சைஸ்ல 2 வெள்ளரிக்காய், 1 கப் கெட்டித் தயிர், அரை கப் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, பத்து பதினஞ்சு புதினா இலை, சின்னத் துண்டு இஞ்சி, அரை ஸ்பூன் வறுத்த சீரகப் பொடி, உப்பு. மொதல்ல காயோட ரெண்டு முனையையும் வெட்டி ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்கச் சொல்லுங்க, கடுங்கசப்பா இருந்தா அந்தக் காயை யோசிக்காம தூக்கிப் போட்டுருங்க. நல்ல காயை துருவி உப்பு தூவி பத்து நிமிஷம் வச்சா தண்ணியா விட்டுரும், வெள்ளரிக்காய்ல நூத்துக்கு 95 பங்கு தண்ணிதானே. ஏன் உப்பு பட்டதும் வெளிய வருதுன்னு பிள்ளைகிட்ட கேளுங்க, சவ்வூடு பரவல்னு, அதாவது உப்பு அதிகமா இருக்கிற பக்கத்துக்கு மெல்லிசான சவ்வைத் தாண்டி தண்ணி போகுதுன்னு, பெரிய கிளாஸ் பிள்ளைங்க சொல்லணும். அந்தத் தண்ணியைக் கொட்டிராதீங்க, அதோடவே புதினா இஞ்சி சேத்து மிக்ஸில அரைக்கணும், மிக்ஸி ஓட்டும்போது மட்டும் பெரியவங்க கட்டாயம் பக்கத்துல நில்லுங்க. தயிரை மிக்ஸில போடாதீங்க, ரொம்ப ஓட்டினா வெண்ணெ திரண்டுரும், மத்தால தனியா கடைஞ்சு அரைச்சதையும் தண்ணியையும் சீரகப் பொடியையும் அதுல கலந்தா போதும்.

ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுப் பிள்ளை இதைச் செய்ய முடியாதுன்னு யாரும் நினைக்க வேண்டாம், மண்பானைத் தண்ணியில கலந்து, பாத்திரத்துக்கு மேல ஈரத்துணி சுத்தி காத்து படுற நிழல்ல வச்சா அதுவே இதமா இருக்கும், ஆனா கலந்த உடனே, இல்லன்னா ஒரு மணி நேரத்துக்குள்ளயாவது குடிச்சு முடிச்சிருங்க. கடைசியா உப்பு பாக்கணும், ஜில்லுன்னு ஆனதும் உப்பு கம்மியாத் தெரியலாம்.

இது வேக வைக்காத பொருள், அதனால கையும் காயும் புதினாவும் நல்லா கழுவணும், வெளிய வாங்கின ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீங்க. பால் பொருள் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு தயிருக்குப் பதிலா தக்காளியும் எலுமிச்சையும் போடலாம்.

இன்னொன்னு. கடைக்குப் போகும்போது கூல்டிரிங்க் பாட்டில் லேபிளை பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்க, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரைன்னு போட்டிருக்கும், முழு பாட்டிலுக்கு எவ்வளவுன்னு அவங்களே பெருக்கட்டும். நீங்க திட்டி நிறுத்துறதை விட அந்தக் கணக்கு நல்லா வேலை செய்யும்னு நான் நம்புறேன்.

ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு உங்க வீட்டு ஆளுங்க எண்ணிக்கைக்கு அளவை மாத்தி ஒரு தாள்ல எழுதிக் குடுத்து விடுங்க. அஞ்சு பேர் வீடுன்னா ஒன்னேகால் கப் தயிர், அதை பிள்ளைதான் கண்டுபிடிக்கணும், நீங்க சொல்லிக் குடுத்துராதீங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்