தாத்தாவின் மாம்பலகைகள்

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தா படம் அச்செடுக்கச் செதுக்கிய பலகைகள் ஒன்பது கிடைத்தன. பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து பெங்களூர் அல்சூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் இரண்டு இருந்தன. காலேஜ் படிக்கும்போது வெந்நீர் அடுப்புக்கு விறகு என்று அவற்றை எடுத்துப் போட்டது நான்தான். தாத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தவர். திருவிழா நோட்டீஸ் அடிக்க அச்சாபீஸுக்குப் போன இடத்தில் மூலையில் கிடந்த ஒரு பழைய மரக்கட்டை பிளாக்கைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான், வேறு குரு கிடையாது. காய்ப்பு நின்று வெட்டிய மாமரத்தில் பலகை இழைத்துக்கொண்டார். உளிக்குக் காசில்லை. உடைந்த குடைக்கம்பியின் முனையைச் சாணை பிடித்தால், அதிலுள்ள பள்ளமே மெல்லிய கோடு எடுக்கப் போதும். மை தடவி, காலண்டர் தாளின் பின்பக்கத்தை மேலே வைத்து, பாட்டியின் கரண்டியால் தேய்ப்பார். செதுக்கின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, படம் முழுக்க இடவலம் மாறி வரும். முதல் பலகையில் தன் பெயரை நேராகவே வெட்டிவிட்டதால் தாளில் இடவலமாய்த் திரும்பி வந்தது. அதற்கப்புறம் எதிலுமே பெயர் போடவில்லை.

காலேஜில் படிக்காதவரை ஓவியர் என்று சொல்லலாமா என்று நீ ஒருதடவை கேட்டாய். வங்கத்தில் ஹரேன் தாஸ் (1921–1993) என்று ஒருவர், கல்கத்தா கலைக்கல்லூரியில் படித்தவர், கிராமத்து வயல், குளம், மாடு என்று மரத்தில் செதுக்கினார். அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வெளிச்சத்தை நம்ம வீட்டுத் திண்ணையிலும் பார்த்திருக்கிறேனே என்றுதான் தோன்றும். படிப்பு வேறு, பார்வை வேறு கண்ணு.

போன ஞாயிறு ஒரு பலகையைத் துடைத்து நானே அச்செடுத்தேன். கேழ்வரகு வயல், கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் இரண்டு மாடு, பின்னால் குன்று. வானத்தில் அவர் கம்பியே வைக்கவில்லை, மாமரத்தின் ரேகையை அப்படியே விட்டிருக்கிறார், அது மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஓடுகிறது. அந்தக் குன்று இப்போது அங்கே இல்லை, கிரானைட்டுக்காக அறுத்து எடுத்துவிட்டார்கள், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அதன் முகடும் உச்சியில் இருந்த ஒற்றை வேம்பும் இந்தப் பலகையில் மட்டும்தான் மிச்சம்.

இரண்டு பலகையில் வண்டு துளைக்க ஆரம்பித்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ஜனவரியில் வா, இங்கே தெருவில் நடக்கிற ஓவியச் சந்தை, சித்ர சந்தைக்கும் போகலாம், ஆனால் முதலில் ஒன்பதையும் அச்செடுக்க வேண்டும். எனக்குக் கை நடுங்குகிறது, மை திட்டுத்திட்டாய் விழுகிறது. வரும்போது மெல்லிசாய், நாராய் இருக்கிற ஜப்பான் காகிதம் இருபது தாள் வாங்கி வா. கரண்டி என்னிடம் இருக்கிறது.

அம்மா