கைப்பை பெங்களூரில், நாங்கள் கிருஷ்ணகிரியில்: விமான நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

கிருஷ்ணகிரி,
15.10.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பெங்களூர் அலுவலகம்.

பொருள்: பிராங்பர்ட் – பெங்களூர் பயணத்தில் ஏற்பட்ட தாமதம், வழியில் நேர்ந்த சிரமம், கைப்பையை வீட்டில் ஒப்படைக்க மறுப்பது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து நேற்று முன்தினம் ஒரு பெண் போனில் பேசினார். எங்கள் பை பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டதாம். ஆனால் கிருஷ்ணகிரி வேறு மாநிலம், டெலிவரி எல்லைக்குள் வராது, அதனால் நாங்களே ஏர்போர்ட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்யவே இந்தக் கடிதம். அந்தப் பை எங்கள் கையைவிட்டுப் போன கதையையும், அதனால் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் கணினியில் இவையெல்லாம் தனித்தனிப் புகார் எண்களாகக் கிடக்கின்றன. எங்களுக்கு எல்லாம் ஒரே பயணம்தான்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஜெர்மனி போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் கார் தொழிற்சாலை வேலை. ஓசூரில் வேலை கற்றுக்கொண்டு அங்கே போன பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பேத்திக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டு வரத்தான் ஆசை. ஆனால் ஷெங்கன் விசாவில் (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம். அதன் விளிம்பில்தான் ஊர் திரும்பக் கிளம்பினோம். பிராங்பர்ட்டிலிருந்து வளைகுடாவில் உள்ள உங்கள் நிலையத்தில் விமானம் மாறி பெங்களூர் வரை ஒரே பயணச்சீட்டு. மனைவிக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. வீல்சேர் வேண்டும், சைவச் சாப்பாடு வேண்டும் என்று சீட்டு எடுக்கும்போதே சொல்லி, உங்கள் நிறுவனமும் உறுதி செய்திருந்தது.

பிராங்பர்ட்டில் விமானம் புறப்படத் தாமதமானது. அதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். முதலில் தொழில்நுட்பக் கோளாறு, பிறகு ஊழியர் இன்னும் வரவில்லை, கடைசியாக வானிலை. வெளியே நல்ல வெயில். விமானம் இன்று போகவே போகாது என்றால் எங்கள் விசா என்ன ஆகும் என்று கவுண்டரில் கேட்டேன். அது இமிக்ரேஷன் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். வீல்சேரில் இருந்ததால் மனைவியை முன்னாலேயே தனி வண்டியில் விமானத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பை என் கையில் இருந்தது. கேட்டுக்குப் போனதும், மேலே வைக்க இடமில்லை என்று சொல்லி உங்கள் ஊழியர் அதை வாங்கி டேக் ஒட்டினார். உள்ளே இன்சுலின் பேனா இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, டாக்டர் சீட்டும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னேன். பின்னால் நின்ற ஜெர்மன்காரர் ஒருவரும் எனக்காக எடுத்துச் சொன்னார். இறங்கும்போது விமானத்தின் வாசலிலேயே கொடுத்துவிடுவோம் என்பதுதான் பதில். இன்சுலினைச் சரக்கு அறையில் வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும், கையில்தான் வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் மருந்துக்கடைப் பையன்கூடச் சொல்வான். வருடம் முழுக்கப் பயணிகளை ஏற்றி இறக்கும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

வளைகுடாவில் இறங்கியபோது வாசலில் பை இல்லை. பெங்களூர் விமானமும் போய்விட்டிருந்தது. இரவு நேரம். வீல்சேரைத் தள்ளி வந்த ஆள் மனைவியை ஒரு தூண் ஓரமாக விட்டுவிட்டு, டிரான்ஸ்பர் கவுண்டரில் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கவுண்டரில் இருந்த கூட்டத்தை விவரிக்கப் போவதில்லை. அது உங்கள் கேமராவில் பதிவாகியிருக்கும்.

என் முறை வந்தபோது, பெங்களூருக்கு மறுநாள் மாலைதான் இடம் இருக்கிறது, சென்னை என்றால் விடியற்காலை விமானத்தில் அனுப்பிவிடலாம், அதுவும் தமிழ்நாடுதானே என்றார்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். முழங்கால் மடக்க முடியாத ஒருவரைக் காரில் உட்காரவைத்து இன்னும் அவ்வளவு தூரம் கொண்டுபோவதா? மறுத்துவிட்டேன். மறுத்ததால், தாமதம் நானே தேடிக்கொண்டது என்பதுபோல உங்கள் பதில் மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

அந்த ஊர் விசா இல்லை என்று ஹோட்டல் தரவில்லை. சரி, விமான நிலையத்துக்குள்ளேயே படுக்க ஓர் இடம் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அது செல்லுபடியாகும் கடையில் மனைவி சாப்பிடக்கூடியது உருளைக்கிழங்கு வறுவல் மட்டும்தான், சர்க்கரைக்கு அதுவும் ஆகாது. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் இன்சுலின் தர முடியாது என்றார்கள். சீட்டு பையில், பை உங்களிடம். நள்ளிரவுக்கு மேல் அங்குள்ள மருத்துவ மையத்தில் சர்க்கரை பார்த்து, மகள் போனில் அனுப்பிய பழைய பரிசோதனைத் தாளைக் காட்டிய பிறகுதான் ஊசி போட்டார்கள். அதற்கான பணம் நான் கட்டினேன், ரசீது இருக்கிறது. அதுவரை என் மனைவி வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துப்புரவுப் பணியில் இருந்த ஒரு மலையாளி இளைஞர் எங்களைப் பார்த்துவிட்டு வெந்நீரும் ரொட்டியும் வாங்கி வந்து கொடுத்தார். ஆளில்லாமல் கிடந்த ஒரு நீள சோபாவையும் காட்டினார். அவர் உங்கள் ஊழியரே இல்லை. உங்கள் சீருடையில் இருந்தவர்கள் செய்திருக்க வேண்டியதைச் செய்தார் என்பதால் குறிப்பிடுகிறேன்.

மறுநாள் விமானத்தில் சைவச் சாப்பாடு கிடையாது, புதுச் சீட்டுக்கு அந்தக் கோரிக்கை மாறி வரவில்லை என்றார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

விமானம் மாறிய செய்தியை உங்கள் செயலியில் மட்டும் போட்டீர்கள். பயணச்சீட்டில் என் இந்திய எண் இருக்கிறது, அதற்கு ஒரு குறுஞ்செய்தியும் வரவில்லை. முதல் நாள் எங்களை அழைத்துப்போக கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி வரை வந்த தம்பி மகன் காத்திருந்து, விசாரித்து, வெறும் காரைத் திருப்பிக்கொண்டு போனான். மறுநாள் மறுபடி வந்தான்.

இனி டெலிவரி எல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் தபால் துறையில் இருந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். பின்கோடு நாட்டில் 1972-ல் வந்தது. அன்றிலிருந்து 635001 என்று எழுதிய எந்தக் கடிதத்தையும், எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், "பெங்களூருக்கு வந்து வாங்கிக்கொள்" என்று நாங்கள் திருப்பிச் சொன்னதில்லை. அஞ்சல் தலை ஒட்டிய கவருக்கு இருக்கும் மரியாதை, ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பயணியின் பைக்கு இல்லையா? சீட்டு விற்கும்போது இதே முகவரியை வாங்கினீர்கள். பெங்களூரில் இறங்கி, பை வரவில்லை என்று பி.ஐ.ஆர். எனப்படும் சாமான் புகார்ப் படிவம் எழுதியபோதும் ஒப்படைக்க வேண்டிய இடம் என்ற கட்டத்தில் கிருஷ்ணகிரி என்று எழுதினேன். உங்கள் ஆள் அதைப் படித்து, முத்திரை குத்தி, நகலைக் கொடுத்தார். அப்போது எல்லை ஞாபகம் வரவில்லை.

கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இரண்டு மாவட்டத்திலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஓமலூர் பக்கம் சேலம் விமான நிலையம் இருக்கிறது, அதில் உள்நாட்டுச் சேவைதான். வெளிநாடு போகும் எங்கள் பகுதி ஆட்களுக்கு பெங்களூர்தான் பக்கத்து நிலையம். இது தெரிந்துதான் இங்கே ஏஜென்டுகள் மூலம் சீட்டு விற்கிறீர்கள். நான் பையை எடுக்க வர வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி டோல், அத்திப்பள்ளி டோல், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பால டோல், ஏர்போர்ட் ரோட்டில் இன்னொரு டோல். வாடகை கார் என்றால் கர்நாடக பெர்மிட் வரி வேறு. நடுவில் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல். போக வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்தச் செலவு பையின் விலையைவிட அதிகம் என்று சொல்லிப் பாருங்கள் என்கிறாள் மனைவி. சொல்லிவிட்டேன்.

நான் கேட்பது தயவு அல்ல என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் பாதி மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது, மீதி நானே படித்தது.

விமான ரத்து, தாமதம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, அங்குள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும், நிறுவனம் எந்த நாட்டுடையது என்ற கணக்கு இல்லை. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தாலும் இழப்பீடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. ஒரே பதிவில் எடுத்த சீட்டு என்றால், வழியில் ஐரோப்பாவுக்கு வெளியே விமானம் மாறினாலும் அது ஒரே பயணம்தான் என்று 2018-ல் சொன்னது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தலைக்கு 600 யூரோ. நாங்கள் இரண்டு பேர், 1,200 யூரோ. தொழில்நுட்பக் கோளாறைப் பொதுவாக விதிவிலக்காகக் காட்ட முடியாது என்றும் 2008-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆகவே முதல் காரணம் உதவாது. மூன்றாவது காரணத்துக்கு அந்த நேரத்து வானிலை அறிக்கையை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இந்த உரிமைகளை எழுத்தில் ஒவ்வொரு பயணிக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதே விதியின் 14-ஆம் பிரிவு. ஒரு துண்டுத் தாள்கூட எங்கள் கைக்கு வரவில்லை. சாப்பாடும் தங்குமிடமும் தருவது 9-ஆம் பிரிவு. இப்போது நீங்கள் தருவதாகச் சொல்லும் ஒரு வருட வவுச்சர் எங்களுக்கு வேண்டாம். பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுக்கலாம். நாங்கள் சம்மதிக்கவில்லை. உங்கள் விமானத்தில் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஏறச் சொல்வதை மனைவி பரிசாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பைக்கு, சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. டேக் ஒட்டி வாங்கிய நிமிடத்திலிருந்து அது உங்கள் பொறுப்பில் உள்ள சாமான். தாமதத்தால் வந்த செலவை நீங்கள் ஏற்க வேண்டும். சாமானுக்கான உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2024 டிசம்பர் 28 முதல். எங்கள் செலவு அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. மருத்துவ மைய ரசீது, கிருஷ்ணகிரியில் புதிதாக வாங்கிய இன்சுலின், மாத்திரை ரசீது, வீணாகத் திரும்பிய காரின் செலவு, அவ்வளவுதான். பையில் இருக்கும் பழைய இன்சுலினை இனி யாரும் பயன்படுத்தப் போவதில்லை, அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமான சாமானுக்கு, பை நம் வசம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது உடன்படிக்கை. பை இன்னும் கைக்கே வரவில்லை, ஆனாலும் இந்தக் கடிதத்தையே அந்தப் புகாராகக் கொள்ளவும்.

1,200 யூரோவை, ரசீதுகளின் தொகையுடன், என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பிராங்பர்ட்டில் பையை வாங்கியவரும், வளைகுடாவில் வீல்சேரை விட்டுப் போனவரும் எந்த விதியின்படி அப்படிச் செய்தார்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அவர்களை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லவில்லை. மருந்து உள்ள பையைக் கேட்டில் வாங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், அதன் நகல் எனக்கு வரட்டும்.

பதிலுக்கு முப்பது நாள் காத்திருப்பேன். வராவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் பதிந்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அப்போது உங்கள் வக்கீல்தான் அந்த நான்கு டோலையும் கட்டிக்கொண்டு இங்கே வர வேண்டியிருக்கும்.

பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், கேட்டில் ஒட்டிய டேக்கின் துண்டு, பி.ஐ.ஆர். நகல், ரசீதுகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் உள்ளன. பையைக் கொண்டுவருபவர் பழையபேட்டை வந்ததும் போன் செய்யட்டும், தெருமுனைக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பூட்டு உடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்,
கிருஷ்ணகிரி – 635001